ரெங்கராஜ் ரத்து பண்ணிய மேட்ச்

ரெங்கராஜ் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததே இல்லைங்க. அவனோட பழகின உரிமையிலதான் சொல்றேன். பொன்மலை ரயில்வே ஃபுட்பால் டீம்ல அவன் பேக், முன்னால நின்னு தடுக்கிற ஆளு; நான் கோல்கீப்பர். என் பேரு கலீல். அவன் முதுகைப் பார்த்தே என் பாதி ஆயுசு போச்சு. அவனைத் தாண்டிப் பந்து கோலுக்குள்ள போனா எனக்குக் கோபம் வரும், அவனுக்கு அழுகையே வந்துடும்.

முட்டி போனதும் ஆட்டத்தை விட்டான். வேற ஆளா இருந்தா வேலை முடிஞ்சு ஸ்ரீரங்கத்து வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பான். இவன் சமயபுரம் போயி, பூக்கடை, தேங்காய்க்கடைக்காரங்க வீட்டுப் பொண்ணுங்களைச் சேர்த்து ஒரு டீம் ஆரம்பிச்சான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பந்து?"ன்னு கேட்டவங்க வீட்டுல போயி உக்காந்தா, சம்மதம் வாங்காம எந்திரிக்க மாட்டான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? அரியமங்கலத்துல ஒரு பொண்ணுங்க டீமுக்குக் கோச் ஆனேன்.

அப்புறம் அவனை லீக் செக்ரட்டரி ஆக்கினாங்க. செக்ரட்டரி ஒரு டீமுக்கு மட்டும் சொந்தமா இருக்கக்கூடாதுன்னு கோச் வேலையை அன்னிக்கே விட்டுட்டான். முதல் வேலையா ஒரு சட்டம் போட்டான். கால் மணி நேரத்துக்கு மேல எந்த டீமுக்கும் காத்திருக்கக் கூடாது. அதுக்குள்ள ஏழு பேராவது மைதானத்துல நிக்கலைன்னா எதிர் டீமுக்கு வாக்ஓவர், ஆடாமலே ஜெயிச்ச கணக்கு. போன வருஷம் எங்க வேன் பஞ்சராகி ரெண்டு நிமிஷம் தாமதம். எவ்வளவோ கெஞ்சினேன். "சட்டம் சட்டம்தான் கலீலு"ன்னுட்டான் பாவி! அந்தப் பெருநாளைக்கு அவன் வீட்டுக்கு எங்க வீட்டுப் பாயாசம் போகலை.

இந்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் போறது சமயபுரமா, அரியமங்கலமான்னு முடிவாகிற மேட்ச், ஸ்ரீரங்கத்துல. சமயபுரம் கோயில் பூச்சொரிதல் திருவிழாவோட முதல் ஞாயிறுன்னா ரோட்டுல கால் வைக்க முடியாது. அதைத் தவிர்த்துட்டு அடுத்த ஞாயிறைக் குறிச்சான். கூட்டம் குறைஞ்சிருக்கும்னு அவன் கணக்கு. எங்க குறைஞ்சது? பூத்தட்டோட ஊர் ஊரா வந்துகிட்டே இருந்தாங்க.

மேட்ச் நேரத்துக்கு சமயபுரம் கேப்டன் செல்லக்கிளி போன் பண்ணினா. "சார், வண்டி நகரலை. டோல்கேட்டுல இறங்கி ஓடி வர்றோம்." காலேஜ் கடைசி வருஷம் அவளுக்கு. மாநிலப் போட்டியில ஆடினாத்தான் விளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு மனு போட முடியும். அதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ரெங்கராஜுக்கு முகம் செத்துப்போச்சு.

கொள்ளிடம் பாலத்துல எதிர்ல அவ்வளவு கூட்டம், நடுவுல ஜெர்ஸி போட்ட பொண்ணுங்க. கால் மணி நேரம் முடியறப்போ மூச்சு வாங்க வந்து நின்னது ஆறு பேர்தான்.

"எனக்கு வாக்ஓவர் வேணாம்ப்பா, ஆடட்டும்"னேன்.

"அன்னிக்கு உனக்குத் தராததை இன்னிக்கு என் பொண்ணுங்களுக்கு எப்படிடா தருவேன்?"

ரெஃப்ரி விசில் ஊதிட்டாரு. கால் பிடிச்சுக்கிட்ட கோல்கீப்பரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு செல்லக்கிளி அப்பத்தான் வந்து சேர்ந்தா. விஷயம் தெரிஞ்சதும் தரையிலயே உக்காந்துட்டா. "ரெண்டாவது ஞாயிறும் ரோடு அடைச்சுக்கும்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களே. ஏன் சார் கேக்கலை?"

அவன் மைதானத்தை ஒரு சுத்து நடந்து வந்து, எல்லார் முன்னாலயும் சொன்னான். "இந்தத் தாமதம் இவங்க தப்பு இல்லை, தேதி வச்ச என் தப்பு. மேட்ச் ரத்து. வேற நாள்ல ஆடட்டும். அந்தத் தேதியைப் புது செக்ரட்டரி குறிப்பாரு. நான் விலகிக்கிறேன்."

"கிறுக்காடா உனக்கு? பதவியை ஏன் விடுறே?"ன்னு கத்தினேன்.

"இருந்துகிட்டே செஞ்சா, சொந்த டீமுக்குச் சலுகைன்னுதான் பேரு வரும்."

கோயில் கூட்டமெல்லாம் ஓய்ஞ்சு ஒரு புதன்கிழமை மேட்ச் நடந்துச்சு. ரெண்டுக்கு ஒண்ணுன்னு நாங்க ஜெயிச்சோம். எனக்குச் சந்தோஷப்படவே கூச்சமா இருந்துச்சு, அல்லா மேல ஆணையா சொல்றேன். செல்லக்கிளி நேரா ரெங்கராஜ்கிட்ட போனா.

"தோத்துட்டோம் சார்."

"ஆமாம்மா. ரெண்டாவது கோலுக்கு நீ பின்னால இறங்கி வரலை."

அவ ஜெர்ஸியால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "எனக்கு இதோட சரி சார். மத்த பொண்ணுங்க இருக்காங்க. நீங்கதான் இப்ப செக்ரட்டரி இல்லையே, நாளைக்குச் சாயங்காலம் கிரவுண்டுக்கு வர்றீங்களா?"

அந்தப் பிடிவாதக்காரன், அத்தனை பேர் பார்க்க, கோல் விட்ட அன்னிக்கு அழுத மாதிரியே அழுதான்.