எல்லை தாண்டாத காப்பு

அமெரிக்காவில் காப்பிக் கோப்பையின் மூடியில்கூடக் காப்புரிமை எண்ணைப் பொறித்து வைக்கிறார்கள். சான் ஓசேயில் என் மகள் வீட்டருகே உள்ள கடையில் காலைதோறும் காப்பி வாங்கி, மூடியிலுள்ள அவ்வெண்ணை விரலால் தடவிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உதடு படும் சிறு துளைக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். குடிப்பவர் எவரும் அதைப் படிப்பதில்லை.

மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில், நானும் என் தங்கை கணவர் தணிகாசலமும் அண்ணாமலை நகரில் ஓர் அறை பிடித்துச் சிறு மென்பொருள் நிறுவனம் தொடங்கினோம். மின்சாரம் போவதற்குள் எந்த நெல்லை அவிப்பது, எதை அரைப்பது என்று காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலைகளுக்கு முறைப்படுத்திச் சொல்லும் நிரல் எங்களுடையது. அதன் சூட்சுமம் முழுவதும் தணிகாசலத்தின் மூளையில் பிறந்தது. கடலூரில் ஒருவர் அதைப் பார்த்து அவ்வாறே செய்து விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு உறக்கம் போயிற்று. வெறும் நிரலுக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது, அமெரிக்காவில் உண்டு என்றார்கள். மகளோடு வாழ வந்த நான் இங்கே ஒரு வழக்கறிஞர் வழியாக விண்ணப்பித்தேன்.

"மச்சான், காப்பு கட்டியாச்சு! இனிமே எவன் கை வெக்கிறான்னு பாத்துடலாம்" என்று தணிகாசலம் தொலைபேசியில் சிரித்தார்.

"காப்பு கட்டுனவன் திருவிழா முடிஞ்சி அவுக்கிற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாதே மாப்ள" என்றேன்.

"நீங்கதான் தாண்டிட்டீங்களே. வுடுங்க, ஒங்க காப்பையும் சேத்து நானே கட்டிக்கிறேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். காப்புரிமை அலுவலகம் ஆட்சேபம் எழுப்பியபோதெல்லாம் அவர் விளக்கப்படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். "கரண்ட் நேரத்த மாத்திட்டான் சார், ஒங்க புரோகிராம் பழைய நேரத்தையே சொல்லுது" என்று ஆலைக்காரர்கள் அழைத்தார்கள். காப்புரிமை அலுவலகத்துக்குப் பதில் அனுப்பிவிட்டு வருகிறேன் என்பார். ஒவ்வொருவராகக் கடலூர்க்காரரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்கக் காப்புரிமை கைக்கு வந்தாலும் அது கடலூரில் செல்லாது என்பது பிற்பாடுதான் எங்களுக்கு விளங்கிற்று. அதுவும் எல்லை தாண்டாத காப்பே.

சென்ற ஆண்டு, வரைந்துகொண்டிருந்த மேசையிலேயே அவர் மாரடைப்பால் சாய்ந்தார்.

போன வாரம் வழக்கறிஞர் அம்மையார் அழைத்தார். "உயிரோடு வைத்திருக்க விரும்புகிறீர்களா, கைவிட்டுவிடலாமா?"

"அவர் இறந்துவிட்டாரே, அம்மா" என்றேன்.

விண்ணப்பத்தைத்தான் அம்மையார் கேட்டார். வழக்கறிஞர்கள் மொழியில் விண்ணப்பத்துக்கும் உயிர் உண்டு. அன்றே தங்கையிடம் பேசினேன்.

"கடைசி வரைக்கும் அந்தப் படத்தத்தான் வரஞ்சிகிட்டிருந்தாரு. இப்பவும் மேசகிட்ட பென்சில் சீவுற சத்தம் கேக்குதுண்ணே. அந்தக் காப்ப அவுத்து வுட்டுடு. எங்கன்னா போவட்டும் அவரு."

சிறு தொழில் தொடங்கும் இளைஞர் சிலர் இங்கே என்னிடம் காப்புரிமை பற்றிக் கேட்பதுண்டு. முதலில் ஆலைக்காரரின் தொலைபேசி அழைப்பை எடுங்கள் என்கிறேன். எந்த ஆலை என்று விழிக்கிறார்கள்.

கைவிட்டுவிடுமாறு சொல்லிவிட்டேன். இன்று காலை மூடியைத் தடவப் போன விரல், என் வெறும் மணிக்கட்டைத் தடவி நின்றது. அவர் காப்பை அவிழ்த்தாயிற்று. எனக்காக அவர் கட்டிக்கொண்ட காப்பு எந்தக் கையில் இருக்கிறது, அதை எந்த ஊர் எல்லையில் நின்று அவிழ்ப்பது என்றுதான் தெரியவில்லை.