மூன்றாவது டியூப்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. லீவு லெட்டருக்குக் காரணம் யோசிக்கவே அரை நாள் ஆகும். அதனால் இது நடந்தது என்று நான் சொன்னால், நடந்ததுதான்.

ரத்த வங்கியில் பத்து வருடமாக லேப் டெக்னீஷியன் நான். என் கை வேகத்துக்காக எல்லோரும் என்னை ‘எக்ஸ்பிரஸ்’ என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.10. லேபில் நான் மட்டும். பிரசவ வார்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பொருத்தம் பார்க்கவெல்லாம் நேரமில்லை, குரூப் மட்டும் பார்த்து இரண்டு பை அனுப்புங்கள் என்று டியூட்டி டாக்டர் போனில் பறந்தார்.

பார்த்தேன். ஏ, பி சோதனை மருந்துகள் இரண்டிலும் அவளுடைய ரத்த அணுக்கள் கட்டி தட்டவில்லை. அப்படியென்றால் ஓ. சரிபார்க்க, அவளுடைய ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிநீரான சீரத்தை ஏ அணுக்களோடு ஒரு டியூபிலும் பி அணுக்களோடு இன்னொன்றிலும் கலந்தேன். இரண்டிலும் கட்டி தட்டியது. ஓவேதான். விதிப்படி ஓ அணுக்களோடு மூன்றாவது டியூப் ஒன்றும் வைக்க வேண்டும். அவசரத்தில் அதையெல்லாம் யார் வைப்பார்கள்? நான் வைத்ததே இல்லை.

2.19. ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு ஓ பைகளோடு திரும்பினேன்.

ஸ்டாண்டில் மூன்று டியூப்.

பழையது ஏதோ கிடந்திருக்கும் என்று அதைக் குப்பையில் போட்டேன். பைகளில் லேபிள் ஒட்டி நிமிர்ந்தேன். மறுபடியும் மூன்று.

2.22. ஏசி ஓடவில்லை. ஆனாலும் குளிர்ந்தது. என் முதுகுக்குப் பின்னால்... கிடுகிடு... கிடுகிடு... குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

திரும்பினேன். யாரும் இல்லை. பைகளைத் தூக்கினேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

கை தெரியவில்லை... விரல்கள் அழுந்திய குழிகள் மட்டும் என் தோலில்.

ஸ்டாண்ட் பக்கம் இழுத்தது.

பார்த்தேன்.

மூன்றாவதிலும்... கட்டி.

பிடி விட்டது. அதே சோதனையை என் கையால் செய்தேன். 2.31. கட்டிதான். ஓ ரத்தம் ஓ அணுக்களோடு கட்டி தட்டவே கூடாது. இது பல ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் அபூர்வ வகை. பார்வைக்கு ஓ. ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆளைக் கொன்றுவிடும்.

போனை எடுத்தேன். “ஓ ஏத்தக் கூடாது டாக்டர். ஏத்தினா செத்துருவாங்க.”

கூடப்பிறந்தவர்களுக்கு அதே வகை இருக்கலாம் என்று அவள் தம்பியை வரவழைத்தோம். பொருந்தியது. அதுவரை டாக்டர்கள் சலைன் ஏற்றி அவளைத் தாக்குப்பிடிக்க வைத்தார்கள். மாலை 5.40க்கு அவன் ரத்தம் ஏறியது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

உடன்பிறந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களையும் எச்சரிக்க வேண்டும் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

“மூத்தவ ஒருத்தி இருந்தாம்மா. ஆறு வருஷம் முன்னாடி இங்கதான் பிரசவம். ரத்தம் ஏத்துனதும் குளிருது குளிருதுன்னா... அவ்வளவுதான். எங்க நேரம்னு நெனச்சுக்கிட்டோம்.”

என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லேபுக்கு வந்து பழைய பதிவேட்டைத் திறந்தேன். மூத்தவளின் பெயர் இருந்தது. குரூப் ஓ. இரண்டு பை. சாம்பிள் வந்த நேரம் 11.05. பை கொடுத்த நேரம் 11.13.

கீழே என் கையெழுத்து.