ஐம்பதும் நாற்பத்தெட்டும்

பட்டறையில் அவளுக்கு மைக்ரான் என்று பெயர். மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறுதான் மைக்ரான். அந்த ஒரு கூறு குறைந்தாலும் விடமாட்டாள் என்று யாரோ எரிச்சலில் வைத்த பெயர். பத்தொன்பது வயதில் பெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தவளை ஏழாம் வருடம் அளவு பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து இருபத்தாறு வருடம் நான்கு மாதம் ஆகிறது. "சின்னது", "பெரிசு", "சரி" என்ற மூன்று சொல்லுக்கு மேல் நான்காவது சொல்லை அவளிடமிருந்து பிடுங்குவது கஷ்டம் என்பார்கள். வாயைத் திறந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம் என்பதையும் அறிந்தவர்கள் சிலர் இருந்தார்கள்.

அங்கே இருந்தவை பதினொரு லேத்துகள். செய்தது ஒரே பொருள்: தண்ணீர் பம்புக்குள் இறுக்கிப் பொருத்தும் வெண்கல வளையம். வெளிவிட்டம் அறுபது மில்லிமீட்டர். இருபது மைக்ரானுக்குள் முன்னே பின்னே இருக்கலாம். லேத்திலிருந்து இறங்கும்போது வளையம் கையைச் சுடும். சூட்டில் வெண்கலம் பருத்திருக்கும். முப்பது டிகிரி கூடினால் முப்பத்திரண்டு மைக்ரான் கூடும். ஆகவே பெரிய முதலாளி காலத்திலிருந்து, வளையங்களை மரத் தட்டடுக்குகளில் நான்கு மணி நேரம் ஆறவிட்டுத்தான் அளப்பார்கள். பதினாறு அடுக்குகள், பட்டறையின் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன.

பெரிய முதலாளி படுத்த படுக்கையானதும் மருமகன் பொறுப்புக்கு வந்தார். முகத்துக்கு முன்னால் "சார்", முதுகுக்குப் பின்னால் "மாப்பிள்ளை". வந்த மூன்றாம் வாரம் தட்டடுக்கு ஒன்றை விரலால் தட்டினார்.

"இதெல்லாம் என்ன, தூங்குதா?"

"ஆறுது சார்," என்றாள் மைக்ரான்.

"நாலு மணி நேரமா? டீ நாலு நிமிஷத்துல ஆறிடுதும்மா."

"டீயை யாரும் பம்புல மாட்டறதில்ல சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது. மறுநாளே அடுக்குகள் கழற்றப்பட்டன. அந்த இடத்தில், வெளிநாட்டிலிருந்து வாங்கி விற்கும் குழாய்ப் பெட்டிகள் கூரை வரை ஏறின. இனி வளையங்களைச் சுடச்சுட அளக்க வேண்டும் என்று உத்தரவு. அப்படி அளந்த தாளில் கையெழுத்துப் போட அவள் மறுத்தாள். மாப்பிள்ளை அலட்டிக்கொள்ளவில்லை. நான்காம் லேத்தில் நின்ற அவளுடைய கொழுந்தனைக் கூப்பிட்டு, மேஸ்திரி ஆக்குவதாகச் சொன்னார். கொழுந்தன் கையெழுத்துப் போட்டான்.

இரண்டாயிரத்து நானூறு வளையங்கள் பம்பு கம்பெனிக்குப் போயின. ஒன்பதாம் நாள், போன லாரியிலேயே திரும்பி வந்தன. ஆறியதும் சுருங்கி, பம்புக்குள் கலகலவென்று ஆடியிருக்கின்றன. கூடவே பம்பு கம்பெனியின் கடிதமும் வந்தது: இனி அந்த அம்மா கையெழுத்து இல்லாத சரக்கை இறக்கமாட்டோம். மேஸ்திரி பதவி மட்டும் வரவில்லை.

தட்டடுக்குகளை மறுபடி பூட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். அவள் மேஜைக்கு வந்ததோ ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஐம்பது வளையங்கள், கடல் தாண்டி வந்தவை.

"அளந்து கொடுங்க," என்றார் மாப்பிள்ளை. "சரியா இருந்தா இனி இதையே வாங்கிக் கொடுத்துடலாம். லேத்து பதினொண்ணையும் எடைக்குப் போட்டுடலாம். உங்க ஆளுங்க லட்சணத்தைத்தான் பாத்தாச்சே."

"தப்பு அவங்க கையில இல்ல சார். தட்டடுக்கை எடுத்தது நீங்க."

"யாரு எடுத்தாங்கன்னு எழுத அந்தத் தாள்ல இடம் இருக்கா? இல்லைல்ல. அளவை மட்டும் எழுதுங்க."

சாப்பாட்டு மணிக்குள் செய்தி பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. அவள் கையெழுத்துப் போட மறுத்த நாளிலிருந்து முகம் கொடுக்காதவர்கள் எல்லாம் அவள் அறை வாசலில் நின்றார்கள். முன்னால் கொழுந்தன். அவள் கணவர் இறந்து எட்டு வருடமாகியும் இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

"அண்ணி, ஒரு நாலு பீஸ் சின்னதுன்னு எழுதிடுங்க. போதும்."

"சின்னதா இருந்தா எழுதறேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி எப்படி எழுதறது?"

"பேனாவாலதான்," என்றான் ஒன்பதாம் லேத்துக்காரன். யாரும் சிரிக்கவில்லை.

"பதினொரு குடும்பம் அண்ணி. அண்ணன் இருந்திருந்தா..."

"உங்க அண்ணனை இழுக்காத தம்பி. சூட்டோட அளந்து கையெழுத்துப் போட்டப்ப அவரை நெனச்சியா?"

அவன் முகம் கறுத்தது. "சொல்லிக் காட்டறீங்க."

"ஆமா."

பேச்சு அப்படி இருந்தாலும், திரும்பிப் போனவனை அவள் கூப்பிட்டாள். அவளே ஒரு வழி சொன்னாள்: "நாளைக்குக் காலைல நீயும் அம்பது கடைஞ்சு கொடு. என் மேஜைக்கு அடியில ஆறட்டும். ரெண்டையும் ஒரே தாள்ல எழுதறேன். கம்பெனிக்காரங்க பாத்து முடிவு பண்ணட்டும்."

மறுநாள் எட்டு மணிக்குப் புது வெட்டுளி மாட்டி ஆரம்பித்தான். பத்து இருபதுக்கு ஐம்பதும் இறங்கின. தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினாள். இரண்டு இருபது வரை யாரையும் உள்ளே விடவில்லை.

முதலில் கடல் தாண்டி வந்தவை. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்தாள். குறை சொல்ல ஒரு கீறலாவது கிடைக்காதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவற்றின் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஐம்பதும் சரி.

பிறகு கொழுந்தன் கடைந்தவை. பதினாறு வரை சரி. பதினேழாவது, விட்டுக்கொடுக்கும் இருபதுக்கும் கீழே இன்னும் மூன்று மைக்ரான் சின்னது. அளவியைத் துடைத்து மறுபடி அளந்தாள். அதே மூன்று. நாற்பத்தொன்றாவது, நான்கு சின்னது.

கதவைத் திறந்தபோது கொழுந்தன் இரண்டு வளையங்களோடு நின்றான். "கூட ரெண்டு கடைஞ்சு வச்சிருந்தேன். சேந்தே ஆறினதுதான். சின்னது ஏதாவது இருந்தா மாத்திடுங்க அண்ணி."

"அம்பதுன்னுதான் சொன்னேன். அம்பத்திரண்டுன்னு சொல்லல."

"எத்தனை போச்சு?"

"ரெண்டு."

"ரெண்டு," என்றான். "ரெண்டுக்காக."

ஐம்பது, நாற்பத்தெட்டு என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில், தட்டடுக்கு இருந்த கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் திரும்பி வந்த சரக்கு எதுவும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாப்பிள்ளை தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நீங்க இருக்கறப்ப எனக்கு வக்கீலே வேண்டாம்."

"உங்களுக்காக எழுதல சார்."

"தெரியும். அதனாலதான் நம்புவாங்க. குறிப்பெல்லாம் எவன் படிக்கிறான்?"

அவர் சொன்னதே நடந்தது. பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: ஐம்பதுக்கு ஐம்பது வந்ததையே அனுப்பவும்.

லேத்துகளைக் கழற்றும் வேலைக்கு லேத்துக்காரர்களையே வைத்துக்கொண்டார்கள், ஐந்து நாளைக்கு. அவளுக்கு வேலை போகவில்லை. தினம் இரண்டு பெட்டி பிரித்து அளக்க வேண்டும். மூன்றாம் நாள் மதியம் நான்காம் லேத்தைச் சங்கிலி கட்டித் தூக்கினார்கள். கொழுந்தன் கீழே குனிந்து கடைசி போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தான். அவள் அருகே போய் நின்றாள்.

"காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலியாமே தம்பி. உன் பொண்டாட்டி சொன்னா."

அவன் நிமிரவில்லை. "தள்ளி நில்லுங்க மேடம். கால்ல விழுந்துடப்போவுது. அப்புறம் எத்தனை மைக்ரான் நசுங்குச்சுன்னு எழுதி வைப்பீங்க."

பக்கத்தில் சங்கிலி பிடித்திருந்தவன் களுக்கென்று சிரித்தான். அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.