எங்கள் மனைக்கு வழி கிடைத்தது

வழியில்லாத இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டுத் தவித்தவள் நான். அந்தத் தவிப்பில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையாருக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பெரம்பூரில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தேவசகாயம் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரே அறை. குழாயடியில் தினமும் சண்டை. எங்கள் முதல் குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது, பிறந்த அன்றே போய்விட்டது. அதற்கப்புறம் அந்தச் சுவர்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஆண்டவரே, எங்களுக்கென்று கொஞ்சம் மண் கொடும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஒரு புரோக்கர் வந்தார். தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக மனை போட்டிருக்கிறார்கள் என்றார். போய்ப் பார்த்தோம். கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மண்பாதை, அதன் முடிவில் வெள்ளையடித்த கல் நட்ட மனைகள். "இந்தப் பாதைதாம்மா பெரிய ரோடாவப் போவுது. நாளைக்கு இங்க கம்பெனி வரும், பஸ் வரும். அப்போ நீங்க கேட்டாலும் கிடைக்காது" என்றார். எங்களால் முடிந்ததையெல்லாம் போட்டு வாங்கினோம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எங்களைத் தவிர அங்கே குடிவந்தது கமலா குடும்பம் மட்டும்தான். குடிபோனபோது நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன்.

கொஞ்ச மாதம் நன்றாகப் போனது. ஒருநாள் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பிய என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பாதைய அடைச்சிட்டாங்க எஸ்தர்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். பாதைக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்குக் கருவேல முள். அந்தப் பக்கம் கொல்லைக்காரர் ஏழுமலை நின்றிருந்தார்.

"இது எங்க நெலம்மா. பாதைக்குன்னு தனியா பேசி முடிக்கறேன்னான் அந்தப் புரோக்கரு. இதோ வரேன்னு போனவன் ஆளே காணோம். அவனக் கூட்டிகினு வா, அப்பால பேசலாம்."

புரோக்கரைத் தேடி ஸ்ரீபெரும்புதூர் போனோம். ரூமைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போக்குவரத்து. வழுக்குகிற ஒற்றையடிப் பாதை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் அதில் எப்படி நடப்பேன்? என் கணவர் திரும்பத் திரும்பப் போய்க் கெஞ்சினார். ஏழுமலை மசியவில்லை. ஊர்ப் பெரியவர்கள், அது உங்களுக்கும் புரோக்கருக்கும் உள்ள தகராறு என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களைவேன், பாதியில் எழுந்துவிடுவேன். வேலிவரை போவேன். பார்ப்பேன். திரும்புவேன். மறுபடி போவேன். முழங்கால் போட்டாலும் மனசு வேலிக்கே ஓடும். "வித்துட்டுப் போயிடலாமா?" என்றார் என் கணவர். "வழியில்லாத மனைய யாருங்க வாங்குவா?" என்று அழுதேன். எனக்குத் தாய்வீடும் கிடையாது. பிரசவத்துக்கு முந்தின மாதம் பெரம்பூரில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தோம். அந்த மாதம் வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

விடாமல் பெய்தது. ஒருநாள் விடிகாலையில் என் கணவர் கரைமேல் நடந்து வேலைக்குப் போனார். அவர் போன பிறகு ஏரி நிரம்பி வழிந்து, அந்தப் பாதையை அறுத்துவிட்டது. மத்தியானம் எனக்கு வலி வந்தது. நாளாகவில்லை, ஆனாலும் வந்தது. போன குழந்தைக்கும் இப்படித்தான் வந்தது.

கமலா பயந்துபோனாள். "அக்கா, நீ படுத்துக்கோ. நான் வேலிகிட்ட போயி யாரையாவது கூப்ட்டுப் பாக்குறேன்" என்றாள். என்னால் படுக்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே வேலிவரை நடந்தேன். அங்கே நின்று சத்தம் போட்டு ஜெபித்தேன். ஜெபம் என்று என்ன சொல்வது! "ஆண்டவரே, இந்தப் பிள்ளை... இந்தப் பிள்ளை..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

கொல்லையில் தேங்கிய தண்ணீரை வெட்டி விட்டுக்கொண்டு ஏழுமலையும் அவர் மனைவி செல்லம்மாவும் இருந்தது எனக்குத் தெரியாது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா ஓடி வந்தாள்.

"இன்னாம்மா, வலி எடுத்துடுச்சா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் வெறுங்கையால் முள்ளை இழுக்க ஆரம்பித்தாள். கையெல்லாம் ரத்தம். பின்னால் மண்வெட்டியோடு வந்த ஏழுமலை அப்படியே நின்றார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? போய் வண்டியப் பூட்டு!"

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். வண்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த முள்ளை அவரே காலால் மிதித்துத் தள்ளினார். சேற்றில் சக்கரம் இறங்கினபோது தோளைக் கொடுத்துத் தூக்கினார். மெயின் ரோட்டில் நட்டநடுவே கையை விரித்து நின்று ஒரு லாரியை நிறுத்தினார். செல்லம்மா என்கூடவே ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் என் பெண் பிறந்தாள். சின்னதாக, ஒல்லியாக இருந்தாள். ஆனால் பெரிய குரலில் அழுதாள். நானும் அழுதேன்.

செல்லம்மா ரோட்டுப் பக்கம் போன ஒருவரிடம் சேதி சொல்லி அனுப்பினாள். ஏழுமலை வீட்டுக்குப் போகாமல், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்திருக்கிறார். என் கணவர் இறங்கினதும், "உன் சம்சாரத்துக்குப் பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லாகீறாங்க. நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி அனுப்பினாராம்.

குழந்தையோடு வீடு திரும்பிய அன்று, தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பாதையில் மறுபடியும் அடைப்பு! கிட்டே போனால் அது வேலி இல்லை, மூங்கிலில் கட்டின படல். ஏழுமலை திறந்துவிட்டார். "ஆடு பூந்து கடலைய மேஞ்சுடுது. அதான் கட்னேன். நீங்க தொறந்துகினு போய் வாங்க, சாத்த மட்டும் மறந்துடாதீங்க" என்றார்.

பிறகு புரோக்கர் யாரும் இல்லாமல் நாங்களே உட்கார்ந்து பேசினோம். பாதையை முறையாக எழுதிக்கொடுத்தார். இன்றைக்கு அந்த வழியாக எத்தனையோ குடும்பங்கள் போய் வருகின்றன.

செல்லம்மா வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடுகிறவள். "உங்க சாமி கேட்டாரோ, எங்க முருகன் கேட்டாரோ, புள்ள நல்லாகீது" என்பாள். யார் கேட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டவர் அனுப்பினது அவளைத்தான் என்பதும் தெரியும். என் பெண் அவளை 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

என் மனசு இன்றைக்கும் சில நாள் அலையத்தான் செய்கிறது. ஆனால் முன்போல் என்னைத் தின்பதில்லை. அலைகிற மனசோடு அப்படியே அவர் முன்னால் போய் நிற்கிறேன். புரோக்கர் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் ஏழுமலை அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. எனக்கு ஒரு தாயைக் கொடுத்தார், பிள்ளையைக் கொடுத்தார், நல்ல அயலாரைக் கொடுத்தார்.

உங்களில் யாருக்காவது இன்றைக்கு எல்லாப் பக்கமும் அடைத்துக் கிடந்தால், வார்த்தை வரவில்லையே என்று நின்றுவிடாதீர்கள். வருகிற அரை வார்த்தையைச் சொல்லுங்கள். என்னுடைய அரை வார்த்தையைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். அவருக்கே என் நன்றி.