பவித்ராவின் காதுக்குப் போன பாடங்கள்

கல்லூரியின் ஆன்லைன் பாடங்களை எல்லா மாணவர்களும் படிக்கிற மாதிரி ஆக்குவது என் வேலை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும், செய்து பார்த்தவர்கள் என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம்.

போன பருவம் முழுக்க என் பிழைப்பு பவித்ராவைச் சுற்றியே ஓடியது. நத்தத்துப் பெண், பி.ஏ. பொருளாதாரம், கண் தெரியாது. திரையில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டர் வாசிக்கும், அவள் காதால் படிப்பாள். ஒரு பேப்பரில் ஏற்கெனவே தவறியிருந்தாள். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும், வீட்டுக்கு வான்னுட்டாருக்கா எங்கப்பா."

நாற்பது படம்

அந்தப் பேப்பரை நடத்துபவர் ஆரோக்கியசாமி சார். முத்து முத்தான கையெழுத்து. நாற்பது பக்கம் கையால் எழுதி, பக்கம் பக்கமாகச் செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றியிருந்தார். நாலைந்தில் அவர் கட்டைவிரலும் இருந்தது. போட்டோவில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டரால் வாசிக்க முடியவில்லை. "படம்" என்று நாற்பது தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிட்டது.

போய்ச் சொன்னேன். சாருக்கு முகம் வாடிவிட்டது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இம்புட்டு அழகா எழுதியுமா அதுக்கு வாசிக்கத் தெரியல? எந்த ஸ்கூல்லம்மா படிச்சுச்சு அது?"

பக்கத்துக்கு ஒரு சுழி

நாற்பது பக்கத்தையும் டைப் அடித்துக் கொடுத்தவர், என் பக்கத்து நாற்காலி வேலுச்சாமி அண்ணன். ஒட்டன்சத்திரத்துக்காரர். பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தாளையும் தொடமாட்டார். கம்ப்யூட்டரிலும் அதே பக்தி, ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் நடுவாக ஒன்று. பார்த்துப் படிக்கிற நமக்கு அது கண்ணிலேயே படாது. பவித்ராவுக்கோ, பக்கம் மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் கணீரென்று "உ" என்றது.

எடுத்துவிடுங்கள் என்றால் அண்ணனுக்கு மனசு வரவில்லை. அரை நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, முதல் பக்கத்தில் மட்டும் ஒன்று என்று முடிவானது. பவித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "இருந்துட்டுப் போகட்டும்க்கா, நான் ஒவ்வொரு தடவையும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போனேன். பாஸாக்கி விடணும்ல?"

மூன்று சொத்தை

படம் வருகிற இடத்தில், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். விலை எப்படி முடிவாகிறது என்கிற பாடத்தில் ஒரு காய்கறிச் சந்தைப் படம். அண்ணன் குடும்பமே காய்கறி வியாபாரம். ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். தக்காளி இன்னும் இரண்டு நாள் தாங்குமாம். கத்தரிக்காய்க் கூடையில் மூன்று சொத்தையாம், அதைப் பேரம் பேசுகிற அம்மா ஏமாறப் போகிறாராம். பாடத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"ஏனுங்க, கண்ணுக்குத் தெரிஞ்சத மறைக்கலாமுங்களா? நாளைக்கு அந்தப் புள்ளையும் கத்தரிக்கா வாங்கப் போகுமுல்லங்க?"

ரகசியம்

எல்லாவற்றையும் சரி செய்தோம், கேள்வித்தாளைத் தவிர. அது ரகசியம் என்று ஆரோக்கியசாமி சார் எங்கள் கண்ணில்கூடக் காட்டாமல் தானே ஏற்றிவிட்டார். பரீட்சை கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பார்க்க என்று என்னையும் அங்கே உட்கார வைத்திருந்தார்கள். முதல் கேள்வியே, "கீழே உள்ள வரைபடத்தை விளக்குக." அடுத்து பவித்ராவின் கம்ப்யூட்டர் சொன்னது, "படம்."

அவள் கையைத் தூக்கினாள். சார் ஓடி வந்தார். படத்தைச் சொல்லியாக வேண்டும், விடையைச் சொல்லக் கூடாது. மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போனார். "செத்த இரும்மா... ஒரு கோடு மேல இருந்து சரிஞ்சு இறங்குது. இன்னொண்ணு கீழ இருந்து ஏறுது. ரெண்டும் நடுவுல வெட்டிக்குது. இதுக்கு மேல வாயத் தொறந்தேன்னா விடை வந்துரும்."

பவித்ராவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அறையே கேட்கிற மாதிரி கத்தினாள்: "போதும் சார்! வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் அந்த எடத்துலதான் கத்தரிக்கா விலை படியும்!"

பவித்ரா பாஸ், அந்தக் கேள்விக்கு மட்டும் அறையில் ஒருவர் விடாமல் முழு மதிப்பெண். ஆக, எல்லோரும் படிக்கிற மாதிரி பாடம் செய்வது என் வேலை என்றால், எல்லோரும் எழுதுகிற மாதிரி விடை சொல்வதை அவள் பார்த்துக்கொண்டாள்.