மீன்கூடையோடு வந்தவர்

சிட்லபாக்கத்தில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அன்று ஓர் எழுத்தாளர் வந்திருந்தார், ரிட்டயரான சார்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். தலைவர் வரவில்லை, தாம்பரத்தில் ஏதோ கல்யாணம். கடற்கரையையும் அதன் உயிர்களையும் பற்றிய பேச்சு. அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர், கோவளத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் தெருக்களில் மீன் விற்கும் அக்கா.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவர்கள் கூட்டத்தின் மரியாதை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் குனிந்து, "கூடையை வெளியே வெச்சிடுங்கக்கா, வாசம் வருது" என்றேன்.

"கடலப் பத்திப் பேசறீங்க, மீன் வாசம் மட்டும் ஆவாதா தம்பி?"

கூடையை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. பேச்சு நடக்கும்போதே அடிக்கடி கூடைமேல் கிடந்த சாக்கில் தண்ணீர் தெளித்தார்.

திரையில் செத்த ஆமை ஒன்று வந்தது. "மீனவர் வலையில் சிக்கிச் செத்தது" என்றார் எழுத்தாளர்.

அக்கா எழுந்துவிட்டார். "எந்த மீனவரு சார்? அது பெரிய மோட்டார் போட்டுக்காரங்க வலை. எங்க வூட்டு வலைல இந்தப் பங்குனி ஆமை மாட்டினா வலைய அறுத்துத்தான் வுடுவோம். அத்தயும் படம் புடிச்சிக் காட்டு."

"உக்காரும்மா" என்றது பின்வரிசை.

"சார் பதில் சொல்லட்டும், உக்கார்றேன்."

எழுத்தாளர் மைக்கைக் கீழே வைத்தார். "நான் விசாரிக்கலம்மா, தப்புதான். கடைசியா அறுத்தப்போ எவ்வளவு நஷ்டம்?"

அக்கா விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கூட்டக் குறிப்பு எழுதுவது நான்தான், அதில் அதையும் எழுதினேன். செயலாளர் அந்த வரியை அடிக்கச் சொன்னார், நான் அடிக்கவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது: ஒரு ஆமையைக் கடலுக்குத் திருப்பி அனுப்பியதில் அக்கா வீட்டுக்கு ஆன செலவு, ஆயிரத்து இருநூறு ரூபாய்.