கீழ் வீட்டு ஃபைபர்

என் மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டாள் என்பதை என் ஓரகத்தி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மகள் அயர்லாந்தில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து அவள் அறைக்கு வரும்போது இங்கே செண்பகனூரில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். அப்போதுதான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் இருந்தது பழைய டெலிபோன் கம்பியில் வருகிற இன்டர்நெட். வெயில் அடித்தால் ஏதோ ஓடும். மழை பெய்தால் ரோட்டோரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி லைன் போய்விடும். கொடைக்கானலில் மழை இல்லாத நாளாகப் பார்த்து மகளோடு பேசுவதென்றால் எப்படி? செல்போன் சிக்னல் கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்றால்தான் வரும். வீடியோ போட்டால் அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். "அம்மா, வீடியோவ ஆஃப் பண்ணிரு, குரலாவது கேக்கட்டும்" என்பாள். குரலை மட்டும் வைத்தே பல மாதம் ஓட்டிவிட்டோம்.

ஓரகத்தி என் கணவரின் தம்பி மனைவி. எங்கள் வீடு சரிவில் மேலே, அவர்கள் வீடு ரோட்டை ஒட்டிக் கீழே. கொழுந்தன் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். மாடி அறைகளை கெஸ்ட்டுக்கு விடுகிறார்கள். லேப்டாப்போடு வந்து தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள் ரூமைப் பார்ப்பதற்கு முன்னால் வைஃபை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதனால் எங்கள் ரோட்டில் ஃபைபர் வந்ததும் அவர்கள் வீட்டில்தான் முதலில் போட்டார்கள். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, பூண்டு உரிக்கப் போன அந்த நாள் வரை.

"பாப்பாவுக்கு முடி வெட்டுனதும் முகம் ரவுண்டா ஆயிருச்சுல்லக்கா? நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஓரகத்தி.

என் கை நின்றுவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அது. பள்ளிக்கூடம் போகிற காலம் முழுவதும் தினமும் காலையில் நான் பின்னிவிட்ட முடி.

"உங்களுக்குக் காட்டலையா?" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

"காட்டுனா, காட்டுனா" என்றேன். மிச்சப் பூண்டை அப்படியே வைத்துவிட்டு, அடுப்பில் சோலி கெடக்கு என்று சொல்லிப் படி ஏறிவிட்டேன்.

பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். மதியம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழ் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஒன்று ஓரகத்தியின் சிரிப்பு. இன்னொன்று போனுக்குள்ளிருந்து வருகிற என் மகளின் சிரிப்பு. என்னிடம் பேசும்போது அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. விட்டு விட்டுக் கேட்கிற லைனில் சிரிப்பு எப்படி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாப் பழியையும் அந்தக் கம்பியின் மேல் போட்டேன். கணவரிடம், "ஏங்க, நமக்கும் ஃபைபர் போடணும்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "போடு" என்றார்.

போடு என்று சொல்வது சுலபம். கீழ் வீட்டுக்குப் போட்ட அதே கம்பெனிக்குக் கூப்பிட்டேன். கஸ்டமர் கேரில் ஒரு பெண் மிகவும் இனிமையாகப் பேசினாள். வெரசா வந்து போட்டுவிடுவார்கள் என்றாள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண், அதே இனிமை. வீட்டு அட்ரஸை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருநாள் "உங்கள் இணைப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. சுவரைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு ஆணிகூட அடித்திருக்கவில்லை. அதைச் சொன்னால், "சிஸ்டத்தில் ஆக்டிவ்னு காட்டுது மேடம்" என்றாள்.

ஒரு வழியாக ஆள் வந்தார். போஸ்ட்டைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். போஸ்ட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பூட்டிய பங்களா இருக்கிறது. அதன் காம்பவுண்டுக்கு மேலே கேபிள் இழுக்க சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், போனை எடுப்பதில்லை. இன்னொரு கம்பெனிக்காரர் வந்து புதுசாகப் போஸ்ட் நட வேண்டும், அதற்கு அனுமதி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கேபிள் டிவிக்காரர் மட்டும்தான் உடனே வழி சொன்னார்.

"கீழ எந்த வீட்டுக்கு லைன் இருக்கு? அந்த மாடியிலருந்து நேரா இழுத்தா ஒரே இழுப்புதாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அந்தக் கம்பெனிக்கே சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. கேட்டால் அவள் சரி என்றுதான் சொல்வாள், அது எனக்குத் தெரியும். அவள் சரி சொல்லித்தான் என் மகள் முகத்தை நான் பார்க்க வேண்டுமா என்பதுதான் என்னை அரித்தது. இப்படியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. லைன் மொத்தமாகப் படுத்துவிட்டது.

ஓரகத்தியே குடையோடு படி ஏறி வந்தாள். "அக்கா, பாப்பா உங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு எனக்குக் கூப்பிட்டுருச்சு. லைன்ல இருக்கு, வாங்க."

போனேன். அவள் ஹாலில், அவள் சோபாவில், அவள் போனில் என் மகள். கழுத்துக்கு மேல் ஏறிய முடி. முகம் உண்மையிலேயே ரவுண்டாகத்தான் இருந்தது. மழையைப் பற்றியும் அப்பாவின் சுகரைப் பற்றியும் பேசினோம். அவள் கொட்டாவியை அடக்குவது தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரம் ஓரகத்தி எனக்குப் பின்னால் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். மகளின் கண் என்னைத் தாண்டிப் போய் அப்படி மலர்ந்தது. "சித்தி, அந்த பிரெட்டு கருகிப் போச்சு சித்தி" என்றாள். எந்த பிரெட் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகப் பேசிச் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்தேன். ரொம்பச் சூடாக இருந்தது, இருந்தாலும் குடித்தேன்.

போனை வைத்த கையோடு, அவள் மாடியிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இன்னொரு தடவை அந்த சோபாவில் உட்கார என்னால் ஆகாது.

"இதுக்கா இத்தன நாளு யோசிச்சீங்க? நம்ம வீடுதான அக்கா" என்றாள் அவள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மழை விட்டதும் ஆட்கள் வந்து அவர்கள் மாடிக் கைப்பிடியிலிருந்து எங்கள் ஓட்டு விளிம்பு வரை கறுப்பு கேபிளை இழுத்துக் கட்டினார்கள். காட்டுமாடு கொம்பில் மாட்டிவிடாதபடி உயரமாக. ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் மதியம் மகள் என் போனிலேயே வந்தாள். காதில் இருந்த சின்னத் தோடு வரை தெரிந்தது. புதுத் தோடு.

"சாப்டியா?"

"சாப்டேன்மா."

"தூங்குனியா?"

"இப்பத்தானம்மா டூட்டி முடிஞ்சு வந்தேன்."

"ஸ்வெட்டர் போட்டுருக்கியா?"

ஸ்வெட்டர் போட்டிருப்பது எனக்கே தெரிந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. படம் நிற்கவில்லை, குரல் விட்டுப் போகவில்லை. பழி போட ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் நான் கேட்டேன்.

"சித்திகிட்ட மட்டும் அப்படி என்னடி பேசுவ?"

"சித்தி சாப்டியா தூங்குனியான்னு கேக்க மாட்டாங்கம்மா. அவங்க பாட்டுக்கு கெஸ்ட் கத சொல்லுவாங்க. நான் ஒருத்தரப் பத்திச் சொல்லுவேன்."

"யாரப் பத்தி?"

கூட வேலை பார்க்கிறவன். திண்டுக்கல் பக்கம்தானாம். மூன்று மாதமாக ஓரகத்திக்குத் தெரியுமாம். அவன் மேல்கூடக் கோபம் வரவில்லை. அந்த மூன்று மாதம்தான் உறுத்தியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நேரா அன்பியக் கூட்டத்துல ஜெபம் பண்ணச் சொல்லிருவ. அப்புறம் ஊருக்கே தெரிஞ்சுரும்."

அதை மறுக்க முடியாது. சொல்லியிருப்பேன். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அந்தக் கூட்டத்தில் அவள் வேலைக்கு, விசாவுக்கு, பல்வலிக்கு எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆளு எப்படி இருப்பான்?"

அவள் போனைத் தடவி ஒரு போட்டோவைக் காட்டினாள். கண்ணாடி போட்ட பையன், காற்றில் கலைந்த முடி, பின்னால் கடல். நான் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அவன் வீட்டைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ அல்ல.

"சித்தி பாத்துட்டாங்களா?"

"இல்லம்மா. அவங்களும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. உனக்குத்தான் ஃபர்ஸ்ட்டு."

அன்று சாயங்காலம் கீழே இறங்கிப் போனேன். ஓரகத்தி கெஸ்ட்டுக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் மாவு உருட்டிக் கொடுத்தேன். பிறகு, "பையன் கண்ணாடி போட்டிருக்கான்" என்றேன்.

அவள் கை சப்பாத்திக் கட்டையோடு நின்றது. "காட்டிருச்சா?"

"காட்டுனா."

அவள் தலையைக் குனிந்து கட்டையை உருட்டினாள். சப்பாத்தி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. "என்கிட்ட இன்னும் காட்டல" என்றாள், மெதுவாக. அவள் பையன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை பேசினால் பெரிது. அது எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நாளைக்குக் கூப்பிடுறப்ப நானும் மேல வரட்டாக்கா?" என்று கேட்டாள்.

வரச் சொன்னேன். மறுநாள் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். நாற்காலியை நடுவில் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு ஸ்டூல் போட்டேன்.